முகவரியைக் கீழிருந்து மேலே எழுதுங்கள்: பார்சல் திரும்பி வராமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பார்சல்களுக்கு லேபிள் தயாரிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். புதிதாக வருபவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். வருகிற எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: முதலில் பெயர், அப்புறம் கதவெண், தெரு. அதுவரை நிதானமாக எழுதுவார்கள். ஊர், குறியீடு, நாடு வரும்போது வேகம் கூடிவிடும். பெரும்பாலான தவறுகள் அந்தக் கடைசி மூன்று வரிகளில்தான் நடக்கின்றன.

பார்சலைத் தரம் பிரிக்கும் இடத்தில் முகவரியைக் கீழிருந்துதான் படிக்கிறார்கள். முதலில் நாடு, அடுத்து அஞ்சல் குறியீடு, ஊர், தெரு, கதவெண். பெயரைக் கடைசியாக, வீட்டு வாசலில் நிற்கும் ஆள்தான் பார்ப்பார். பெயரில் ஓர் எழுத்து தவறினால் அவர் புரிந்துகொள்வார். நாட்டில் தவறினால் பார்சல் வேறு கண்டத்துக்குப் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையும் கீழிருந்து மேலேதான். அச்சாகி வரும் லேபிள் வழக்கம்போலப் பெயரில் தொடங்கி நாட்டில் முடியும். நீங்கள் சரிபார்த்து நிரப்பும் வரிசை மட்டும் தலைகீழ்.

1. எழுதும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

முகவரியைப் பெறுநரிடம் எழுத்தாகவே வாங்குங்கள். போனில் சொன்னதைக் கேட்டு எழுதினாலும், படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தாலும் ஓர் எண் மாறிவிடும். "உங்கள் ஊரில் உங்களுக்கு வரும் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ, அப்படியே அனுப்புங்கள்" என்று கேட்பதுதான் நல்லது. "முகவரி அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டால் வழி சொல்வது போல எழுதி அனுப்புவார்கள்.

கூடவே நான்கு கேள்விகள் கேளுங்கள். அடுக்ககமா, தனி வீடா? வீடா, அலுவலகமா? கதவில் அல்லது தபால் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது? நாட்டுக் குறியீட்டோடு போன் எண்ணும் மின்னஞ்சலும் என்ன?

இரண்டாவது கேள்வி பலருக்கு வியப்பாக இருக்கும். யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் போன்ற நிறுவனங்கள் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அலுவலகம் என்று குறித்து அனுப்பிய இடம் வீடாக இருந்தால், அந்தத் தொகை பிறகு உங்கள் பில்லில் சேரும்.

2. எதில் அனுப்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முகவரி சரியாக இருந்தும் பார்சல் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அஞ்சல் பெட்டி எண் தபால் துறையின் முகவரி. பெட்டி தபால் நிலையத்துக்குள் இருக்கிறது, தனியார் கூரியர் ஆட்கள் அதில் கொண்டுபோய்ப் போட முடியாது. அவர்களுடைய வழக்கமான சேவைகளுக்குத் தெருவும் கதவெண்ணும் வேண்டும். பெட்டி எண் மட்டும் இருக்கும் முகவரிக்கு அனுப்ப வேண்டுமென்றால் தபாலில் அனுப்புங்கள், அல்லது தெரு முகவரி கேட்டு வாங்குங்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தபால் முக்கியமாகப் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். கூரியர் என்றால் கட்டடப் பெயரும் போன் எண்ணும்தான் உதவும். ஒரே ஆளுக்கு இரண்டு வழிகளுக்கும் இரண்டு முகவரிகள் இருக்கலாம்.

3. நாடு: கடைசி வரி, தனி வரி

வெளிநாட்டுக்கு என்றால் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், முழுதாக, கடைசி வரியில் தனியாக எழுதுங்கள். அதற்குக் கீழே போன் எண்ணோ குறிப்போ எதுவும் வேண்டாம்.

இந்த வரியைப் படிப்பது அனுப்பும் நாட்டின் ஊழியர்கள். அதனால் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மேலே உள்ள வரிகளைப் படிப்பது போய்ச் சேரும் நாட்டின் ஊழியர்கள். ஜப்பானுக்கு அனுப்பும்போது தெரு முகவரியை ஜப்பானிய எழுத்தில் ஒட்டினால் தவறில்லை, அங்கே பட்டுவாடா செய்பவருக்கு அது வசதிதான். ஊரும் நாடும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டெழுத்துச் சுருக்கத்தை நாட்டுக்குப் பதிலாக எழுதாதீர்கள். சிஏ என்பது கனடாவின் குறியீடு, அதுவே கலிஃபோர்னியா மாநிலத்தின் சுருக்கமும்கூட. டிஇ என்றால் ஜெர்மனியும் டெலவேரும். ஐஎன் என்றால் இந்தியாவும் இந்தியானாவும். ஜார்ஜியா என்று முழுதாக எழுதினால்கூட நாடா, அமெரிக்க மாநிலமா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குக் கீழே நாட்டு வரி இருந்தால்தான் அந்தக் கேள்வி தீரும்.

ஆஸ்திரியாவையும் ஆஸ்திரேலியாவையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையப் படிவத்தின் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு நாடுகளின் அஞ்சல் குறியீடும் நான்கு இலக்கம். வேறு நாடாக இருந்தால் குறியீட்டின் நீளத்தைப் பார்த்தே மென்பொருள் எச்சரிக்கும். இங்கே எந்த எச்சரிக்கையும் வராது. வியன்னாவுக்குப் போக வேண்டிய ஒரு பார்சலுக்கு, பட்டியலில் ஒரு வரி தள்ளித் தேர்ந்தெடுத்த லேபிளை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தெருப் பெயர் ஜெர்மன் மொழியில் இருந்ததால் கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் போயிருக்கும்.

ஒரே நாட்டுக்குள் அனுப்பினால் நாட்டு வரி வேண்டாம். அமெரிக்கப் படைத்தள முகவரிகளும் அந்த வகைதான். அவற்றில் ஊர் இருக்கும் இடத்தில் ஏபிஓ, எஃப்பிஓ அல்லது டிபிஓ என்றும், மாநிலம் இருக்கும் இடத்தில் ஏஏ, ஏஇ அல்லது ஏபி என்றும் வரும். தளம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் பெயரை எழுதினால், பார்சல் அந்த நாட்டின் தபாலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

4. அஞ்சல் குறியீடு: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

முழு முகவரியிலும் இயந்திரம் அதிகமாக நம்புவது இந்த வரியைத்தான். எவ்வளவு துல்லியமானது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் ஆறு இலக்கம் பொதுவாக ஒரு கட்டடத்தையே காட்டிவிடும். நெதர்லாந்தில் நான்கு எண்ணும் இரண்டு எழுத்தும் கொண்ட குறியீட்டோடு கதவெண் சேர்ந்தால் வீடு தெரிந்துவிடும். அயர்லாந்தில் 2015-ல் வந்த ஏழு எழுத்துக் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. அந்த வருடத்துக்கு முன் சேமித்து வைத்த அயர்லாந்து முகவரிகள் உங்களிடம் இருந்தால் குறியீட்டைக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடுகளில் சுழியும் ஓ எழுத்தும் குழம்பும், ஒன்றும் ஐ எழுத்தும் குழம்பும். கனடாவின் குறியீடு எழுத்து, எண், எழுத்து, ஓர் இடைவெளி, எண், எழுத்து, எண் என்ற அமைப்பில்தான் வரும். அதில் டி, எஃப், ஐ, ஓ, க்யூ, யூ ஆகிய எழுத்துகள் வருவதே இல்லை. ஆகவே கனடா குறியீட்டில் ஓ போலத் தெரிவது சுழிதான், யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது விரிதாள். என் கண்ணெதிரே அதிகம் பேரை வீழ்த்தியது இதுதான். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றில் குறியீடு சுழியில் தொடங்கும். பாஸ்டனின் ஒரு பகுதி 02108. முகவரிப் பட்டியல் உள்ள கோப்பை இருமுறை தட்டி எக்செல்லில் திறந்தவுடன் அது 2108 ஆகிவிடும். யாரும் எதையும் மாற்றவில்லை. எக்செல் அதை ஓர் எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் சுழியை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒருமுறை பெரிய பட்டியல் ஒன்றிலிருந்து லேபிள் எடுத்தபோது, நியூ ஜெர்சிக்கும் மாசசூசெட்ஸுக்கும் போகும் பார்சல்கள் மட்டும் நான்கு இலக்கத்தோடு அச்சாகி வந்தன. கோப்பைத் திறந்து சேமித்த அந்த ஒரு நொடியில் நடந்தது அது.

தீர்வு எளிதுதான், வரிசை முக்கியம். கோப்பை நேரடியாகத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியீட்டு நெடுவரிசையை உரை வடிவம் என்று குறித்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். உள்ளே வந்த பிறகு வடிவத்தை மாற்றினால் போன சுழி திரும்பாது. கதவெண் நெடுவரிசைக்கும் இதையே செய்யுங்கள். 10-12 என்ற கதவெண்ணை எக்செல் ஒரு தேதியாக மாற்றிவிடும்.

குறியீடே இல்லாத இடங்களும் உண்டு, ஹாங்காங் அதில் ஒன்று. தாளில் எழுதும்போது அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பக்கத்து ஊரின் குறியீட்டைப் போடுவது வெறுமையாக விடுவதைவிட மோசம். இயந்திரம் அதை நம்பி அங்கேயே அனுப்பும்.

5. ஊரும் மாநிலமும்

குறியீடு எங்கே நிற்க வேண்டும் என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் ஊர், மாநிலச் சுருக்கம், குறியீடு மூன்றும் ஒரே வரியில் அந்த வரிசையில். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் குறியீடு முதலில், அப்புறம் ஊர். பிரிட்டனில் ஊர் ஒரு வரி, பெரிய எழுத்துகளில்; குறியீடு அதற்குக் கீழே தனி வரி. அங்கே கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பெயர் தேவையில்லை.

அமெரிக்க மாநிலச் சுருக்கத்தை ஊகிக்க வேண்டாம். எம்ஐ மிச்சிகன், எம்என் மினசோட்டா, எம்எஸ் மிசிசிப்பி, எம்ஓ மிசௌரி, எம்இ மெய்ன், எம்ஏ மாசசூசெட்ஸ். பெயரின் முதல் இரண்டு எழுத்து என்று நினைத்துப் போட்டால் இந்த ஆறில் நான்கு கண்டிப்பாகத் தவறும்.

6. தெரு வரி

தெரு வரி ஊர் வரிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இடையில் எதுவும் நுழையக் கூடாது. முகவரி படிக்கும் இயந்திரம் ஊரைக் கண்டுபிடித்ததும், அதற்கு மேல் வரியைத்தான் பட்டுவாடா இடம் என்று எடுத்துக்கொள்ளும்.

கதவெண்ணின் இடம் மாறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எண் முதலில். ஜெர்மனியில் தெரு முதலில், எண் பின்னால். பெறுநர் அனுப்பிய வரிசையை "சரி செய்ய" முயலாதீர்கள். நமக்குத் தலைகீழாகத் தெரிவது அங்கே நேராக இருக்கும்.

திசைச் சொற்களை விட்டுவிடாதீர்கள். வாஷிங்டன் டிசியில் நகரம் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே தெருப் பெயர், ஒரே கதவெண், ஆனால் வடமேற்கில் ஒன்றும் தென்கிழக்கில் ஒன்றும் இருக்கலாம். கடைசியில் வரும் என்டபிள்யூ என்ற இரண்டெழுத்துதான் வித்தியாசம். அதேபோல ஸ்ட்ரீட், அவென்யூ, கோர்ட் ஆகிய சொற்களும் அலங்காரம் அல்ல, அவையும் பெயரின் பகுதி.

"கோயிலுக்கு எதிரே", "பள்ளிக்கு அருகில்" போன்ற அடையாளங்கள் வாசலைத் தேடும் ஆளுக்கு உதவும், ஆனால் இயந்திரத்தைக் குழப்பும். அவற்றைத் தெரு வரிக்கு மேலே அல்லது பட்டுவாடாக் குறிப்புப் பெட்டியில் போடுங்கள்.

7. வீட்டு எண்: திரும்பி வரும் பார்சல்களின் பெரிய காரணம்

இருநூறு வீடுகள் உள்ள அடுக்ககத்தின் வாசல் வரை பார்சல் சரியாகப் போய், அங்கிருந்து திரும்பி வருவதைப் போல மனசு வலிக்கும் விஷயம் வேறில்லை. எல்லாம் சரி, 5பி என்ற இரண்டெழுத்து மட்டும் இல்லை.

அமெரிக்க முகவரியில் வீட்டு எண் தெருவின் அதே வரியில், தெருவுக்குப் பின்னால் வர வேண்டும். இடம் போதவில்லை என்றால் தெரு வரிக்கு மேலே தனி வரியாக எழுதலாம். கீழே எழுதக் கூடாது. காரணம் ஆறாம் படியில் சொன்னதுதான். கீழே எழுதினால் ஊர் வரிக்கு நேர் மேலே "வீடு 5பி" நிற்கும். இயந்திரம் அதையே தெரு என்று எடுத்துக்கொண்டு தடுமாறும்.

இங்கே புதியவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: இணையப் படிவத்தில் வீட்டு எண்ணுக்கான இரண்டாம் வரி, தெருவுக்குக் கீழேதானே இருக்கிறது? அது பரவாயில்லை. படிவத்தில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியும், அது முகவரியை ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். கையால் எழுதும்போதும் நீங்களே லேபிள் வடிவமைக்கும்போதும்தான் மேலே சொன்ன விதி.

ஆஸ்திரேலியாவில் 3/45 என்று எழுதியிருந்தால், 45-ஆம் எண் கட்டடத்தில் 3-ஆம் வீடு என்று பொருள். புதிதாக வந்த ஒருவர் அதைக் குழப்பம் என்று நினைத்து சாய்கோட்டை நீக்கி 345 ஆக்கிவிட்டார். அதே தெருவில் 345 என்றும் ஒரு வீடு இருந்தால், பார்சல் அங்கே போய் யாரோ வாங்கிக்கொள்வார்கள். சாய்கோடு, இடைக்கோடு எதையும் தொடாதீர்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கதவெண்ணே இடைக்கோட்டோடுதான் வரும்.

ஜெர்மனியில் பல அடுக்ககங்களில் வீட்டு எண்ணே கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் இருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒருவர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் பெயர் மட்டும் எழுதினால் பார்சல் திரும்பும். பெறுநர் பெயர் ஒரு வரி, "இவர் பொறுப்பில்" என்ற பொருளில் சி/ஓ போட்டு வீட்டுக்காரரின் பெயர் அடுத்த வரி, பிறகு தெரு. முதல் படியில் "கதவில் யார் பெயர்?" என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

8. பெயர்

அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுதுங்கள். பட்டுவாடா நேரத்தில் ஆள் இல்லையென்றால், பிறகு நிலையத்துக்குப் போய் அட்டையைக் காட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும். செல்லப் பெயர் அங்கே உதவாது. நிறுவனத்துக்கு அனுப்பினால் ஆளின் பெயரோடு நிறுவனத்தின் பெயரும் வேண்டும். பெரிய கட்டடத்தின் வரவேற்பறையில் வெறும் பெயரை வைத்து யாரையும் தேட மாட்டார்கள்.

9. பெட்டிக்குள் அடங்குகிறதா?

பல கூரியர் மென்பொருள்களில் ஒரு முகவரி வரிக்கு 35 எழுத்துகள்தான் இடம். இடைவெளியும் அதில் சேர்த்தி. அதற்கு மேல் போனால் சில மென்பொருள்கள் எச்சரிக்கும், சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டுப்படுவது எப்போதும் வரியின் கடைசிப் பகுதி. அங்கேதான் வீட்டு எண் நிற்கிறது.

நீளமான கட்டடப் பெயரை முதல் வரியிலும், எண்ணும் தெருவும் இன்னொரு வரியிலும் பிரித்துப் போடுங்கள். சுருக்க வேண்டுமென்றால் தெரு, சாலை என்ற பொருள் தரும் சொற்களுக்கு வழக்கமான சுருக்கம் போடுங்கள். தெருவின் பெயரை மட்டும் சுருக்காதீர்கள்.

உச்சரிப்புக் குறிகள் உள்ள எழுத்துகள் சில மென்பொருள்களில் கேள்விக்குறியாக மாறும். ஜெர்மன் மொழியில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: இரட்டைப் புள்ளி வைத்த யு எழுத்தை யுஇ என்றும், எஸ் ஒலி தரும் அந்தத் தனி எழுத்தை எஸ்எஸ் என்றும் எழுதலாம். அங்கே எல்லோருக்கும் புரியும்.

10. சுங்கத்துக்கு வேண்டியவை

வெளிநாட்டுப் பார்சலில் முகவரி இரண்டு இடங்களில் இருக்கும்: லேபிளில் ஒன்று, சுங்கப் படிவத்தில் ஒன்று. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

பெறுநரின் போன் எண் இங்கேதான் பயன்படும். வரி கட்டவோ விவரம் கேட்கவோ சுங்கம் அல்லது கூரியர் அவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் பார்சல் கிடங்கில் காத்திருக்கும், காத்திருக்கும் நாளுக்கு வாடகை வரலாம். சில நாடுகள் பெறுநரின் எண் ஒன்றையும் கேட்கும். பிரேசிலில் வரி எண், தென் கொரியாவில் தனிநபர் சுங்க எண். அதை முன்கூட்டியே வாங்கி அதற்குரிய பெட்டியில் போடுங்கள், முகவரி வரியில் திணிக்காதீர்கள்.

11. லேபிளும் ஒட்டும் முறையும்

இடது ஓரம் நேராக, ஒரே அளவு எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மை. சாய்ந்த எழுத்தும் அலங்கார எழுத்தும் வேண்டாம். பெறுநர் முகவரி பெரிதாக நடுவில், அனுப்புநர் முகவரி சிறிதாக இடது மேல் மூலையில். இரண்டும் ஒரே அளவில் அருகருகே இருந்தால், அனுப்பிய பார்சல் உங்கள் வீட்டுக்கே வந்து சேரலாம்.

பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டாதீர்கள். பட்டைக் குறி வளைந்தால் ஸ்கேனர் படிக்காது. அதன் மேல் பளபளக்கும் டேப்பும் வேண்டாம். பழைய பெட்டி என்றால் பழைய லேபிளை முழுவதும் கிழித்தெடுங்கள். பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் இரண்டு முகவரிகளையும் எழுதிப் போடுங்கள், வெளி லேபிள் கிழிந்தால் அதுதான் காப்பாற்றும்.

12. கடைசிச் சரிபார்ப்பும், தவறிவிட்டால் செய்ய வேண்டியதும்

பல நாட்டுத் தபால் துறைகள் இலவச முகவரித் தேடலைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றிலும் இருக்கிறது. தெருவைக் கொடுத்துக் குறியீட்டைப் பெறுங்கள், உங்களிடம் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அமெரிக்கத் தேடல் இன்னும் விவரம் வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலும் வீட்டு எண் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பெறுநரிடம் கேளுங்கள், நீங்களாக நிரப்பாதீர்கள்.

அப்புறம் அச்செடுத்த லேபிளைக் கையில் எடுத்து, கீழிருந்து மேலே வாய்விட்டுப் படியுங்கள். மேலிருந்து படித்தால் கண் பழக்கத்தில் ஓடிவிடும். கீழிருந்து படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நிற்க வேண்டியிருக்கும்.

தவறு தெரிந்தது, பார்சல் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது என்றால், அந்த லேபிளை ரத்து செய்து புதிதாக எடுங்கள். பேனாவால் திருத்தி எழுதுவதில் பயனில்லை. பட்டைக் குறிக்குள் பழைய முகவரிதான் இருக்கிறது, இயந்திரம் அதைத்தான் படிக்கும்.

பார்சல் போய்விட்டது என்றால் அன்றைக்கே கூரியரைக் கூப்பிட்டு வழிமாற்றக் கேளுங்கள். அதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் அவர்களாகவே கண்டுபிடித்துத் திருத்தினால் முகவரித் திருத்தக் கட்டணம் ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாகப் போடுவார்கள், அது பெறுநரிடம் அல்ல, உங்களிடம் வரும், அதுவும் பிந்தைய பில்லில். எந்த பார்சலுக்கு, எந்த வரியைத் திருத்தினார்கள் என்று கேட்டு வாங்கி, உங்கள் முகவரிப் பட்டியலில் அந்த இடத்தை அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் அதே முகவரிக்கு அடுத்த முறையும் அதே தொகை வரும்.